கேட்டுச் சொல்றேன்

சலவைக்கூடத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘கேட்டுச்சொல்றேன்’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா கிடக்கிறது. டீ குடிக்க வருகிறாயா என்றாலும், ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்கு வருகிறாயா என்றாலும் நான் சொல்வது ஒன்றுதான்: “வீட்ல கேட்டுச் சொல்றேன்.” இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் ஒருநாளும் குறுக்கே நின்றவர் இல்லை. “உன் இஷ்டம், என்னை ஏன் போட்டுப் படுத்துறே?” என்பார். ஆனாலும் கேட்பேன். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் பழியை அவர் தலையில் கட்டிவிடலாமே! வெட்கத்தை விட்டுச் சொன்னால் விஷயம் அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. மிச்சம் விட்டது ஒரே வார்த்தை: ‘வேண்டாம்’. தண்ணீர் வேணுமா என்றால் “வேண்டாம்” என்பார். டம்ளரைப் பிடுங்கி மடக்மடக்கென்று குடித்துவிடுவார். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் வேண்டாம், மூடட்டுமா என்றால் அதற்கும் வேண்டாம். நானாவது விட்டேனா? தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் விலகுகிறாராம், அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்று நினைக்கிறாராம். மேற்பார்வையாளருக்கு நாற்காலி உண்டு. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. பதினாறு வருஷமாக ஹோட்டல் படுக்கை விரிப்புகளை நின்றுகொண்டே மடித்ததில் முழங்கால் தேய்ந்துவிட்டது. நின்று செய்கிற வேலை இனி ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். என் வேலையும் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நாதியில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லிடுங்கம்மா. மேலிடத்துக்குப் பேர் அனுப்பணும்” என்றார்.

“கேட்டுச் சொல்றேன் சார்.”

என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடப்பது மேனேஜருக்குத் தெரியும். பேச்சு போனது தெரியாது.

சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்தேன். “என்னங்க, மேற்பார்வை வேலை தர்றாங்க. ஏத்துக்கட்டுமா?”

“வேண்டாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீருக்கும் அதே பதில், என் பிழைப்புக்கும் அதே பதிலா? முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணை உறையை உதறினேன். அப்போதுதான் சட்டென்று ஒன்று தோன்றியது. கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.

“சரி, அந்த வாய்ப்பை விட்டுடட்டுமா?”

“வேண்டாம்.”

அப்பாடா! அனுமதி கிடைத்தாயிற்று. அவர் கன்னத்தைக் கிள்ளினேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு நானும் என் மடிப்பு ஜோடியும் ஒரு விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நின்றிருந்தோம். மேனேஜர் வந்தார்.

“என்னம்மா, வீட்ல கேட்டீங்களா? என்ன சொன்னார்?”

“வேண்டாம்னு சொன்னார் சார்.”

பொய்யில்லையே, அவர் சொன்னது அதுதானே! என்ன சொன்னார் என்று கேட்டதும் என் பாழாய்ப்போன நாக்கு அதை அப்படியே ஒப்பித்துவிட்டது.

“ஓ… சரிம்மா. உங்க குடும்ப விஷயம், நான் என்ன சொல்றது?” அவர் மாடிப்படி ஏறினார். ‘இல்லை சார், எனக்கு வேணும்.’ நாலே வார்த்தை. அதுகூட வாயில் வரவில்லை. விரிப்பின் நுனியை நுனியோடு சேர்த்தேன்.

“அடிப்பாவி! அவருக்கு அந்த ஒரு வார்த்தைதானேடி வரும்?” ஜோடி தலையில் அடித்துக்கொண்டாள். “ஓடு, போய்ச் சொல்லு!”

“இந்த ஒண்ணை முடிச்சுட்டுப் போறேன்” என்றேன். அந்த ஒன்று பதினொரு விரிப்பாயிற்று. மேனேஜரே திரும்பி வந்து கேட்பார் என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி நான் அறைக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால்.

“சார், எனக்கு அந்த வேலை வேணும்.”

அந்தக் குரல் யாருடையதோபோல் இருந்தது. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார், பாவம்.

“வேற ஒருத்தர் பேர் போயிடுச்சேம்மா. இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

இறங்கிவந்து மிச்ச விரிப்புகளை மடித்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல் டம்ளரோடு கட்டிலருகே போனேன். எதையும் கேட்கவில்லை. “வேணும்னு சொன்னேங்க. லேட்டாச் சொல்லிட்டேன்” என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேண்டாம்” என்றார். “வேண்டாம்… வேண்டாம்.”

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை சரியான இடத்தில் விழுந்தது. அழாதே என்றுதான் சொன்னாரா, அல்லது அதுவும் வாயில் வந்ததுதானா? அவரைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.