ஒத்திகைச் சுவர்

“அதை மட்டும் விட்டுரு. மத்தபடி எதை வேணும்னாலும் இடி, பூசு. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“போட்டோவுல அந்த ஓட்டை இருக்குக்கா. சுவத்துல இல்லைன்னா குழு ஒத்துக்காது” என்றேன்.

“அவங்க என்ன, ஓட்டையை எண்ணவா வாராங்க?”

“எண்ணத்தான் வாராங்க” என்றான் தளவாய், சுத்தியலைத் தோளில் சாய்த்தபடி. “நேத்து போன்ல கதவுக் கொண்டியைக்கூட விடாம விசாரிச்சாங்க. ஏன் ஹஸீபா மேடம்?”

நான் தலையாட்டினேன். இசக்கிச்செல்வி அக்கா சிரிக்கவில்லை.

நாடகாசிரியர் செல்லச்சாமியின் ஒரே மகள் அவள். தென்காசியில் அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். மிஞ்சியது குற்றாலத்தில், அருவிச் சத்தம் ஓயாமல் கேட்கும் இந்த வீடுதான். பழைய புகைப்படத்தில் இருப்பது போலவே இருப்பதாக அரசுக் குழு ஒத்துக்கொண்டால் நினைவில்லம் ஆகும். இல்லையென்றால் பக்கத்து லாட்ஜுக்குக் கார் நிறுத்தும் இடம். வீட்டைப் பழையபடி ஆக்கித் தருவது என் வேலை. தளவாய் என் கொத்தனார்.

ஓட்டை, கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் இருந்தது. பிற்பாடு யாரோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒத்திகையின்போது செல்லச்சாமி முகம் காட்ட மாட்டாராம். உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, நடிகருக்கு வசனம் மறந்தால் ஓட்டை வழியாக முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார். அவர் ‘போதும்’ என்று சொல்லும்வரை கூடத்தில் யாரும் உட்காரக் கூடாது. அது அவர் நாடகக் கம்பெனியின் சட்டம். ஒரு மழை நாளில் அந்தப் ‘போதும்’ சொல்லாமலே அவர் உள்ளறையில் செத்துப்போனார். அப்போது கூடத்தில் நின்றுகொண்டிருந்தது மகள். பாவாடை தாவணி வயது.

“எவ்வளவு நேரம் நின்னீங்கக்கா?”

“ஓட்டையை அடைக்கிற வரைக்கும்.”

நான் அதைத் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தளவாயைத் திறக்கச் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் சாரல் பிடித்தது. ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசி முடித்திருந்தோம். அக்கா கோபத்தை விட்டுவிட்டுச் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். தளவாய்க்கு விளையாட்டு வந்துவிட்டது. உள்ளறைக்குப் போய், ஓட்டையில் வாயை வைத்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இந்தப் பக்கத்தில் எல்லோரும் நடித்த செல்லச்சாமி நாடகத்தின் முதல் இரண்டு சொல்லைக் கனத்த குரலில் சொன்னான்.

“ஆற்றைக் கடந்து...”

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

“ஆற்றைக் கடந்து வந்தவள் நான். என் பின்னால் பாலம் இல்லை.”

அது அவளுடைய குரல்தான். ஆனால் வயது இல்லாத குரல். நான் கைதட்டினேன். தளவாயும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்று தட்டினான்.

அவள் நிறுத்தினாள். மறந்துவிட்டவள் போலத் தலையைச் சுவர்ப் பக்கம் சாய்த்தாள். எதையோ கேட்டாள். தலையாட்டிவிட்டு அடுத்த வசனத்தைத் தொடங்கினாள்.

தளவாயின் கைகள் பாதியில் நின்றன. “மேடம், நான் இங்கனதானே நிக்கேன்?”

உள்ளறைக்கு ஓடினேன். நாங்கள் கொண்டுவந்து போட்ட நாற்காலி தவிர ஒன்றும் இல்லை. சுவரில் காதை வைத்தேன். அருவிதான் கேட்டது. ஆனால் ஓட்டையின் விளிம்பில் சுண்ணாம்பு, மூச்சுப் பட்ட கண்ணாடி போல வியர்த்தது, மங்கிக் காய்ந்தது, மறுபடியும் வியர்த்தது.

தளவாய் என்னை விலக்கிக்கொண்டு வந்து, ஓட்டைக்குள் “போதும்! போதும்க்கா!” என்று கத்தினான்.

“நீ சொன்னா ஆச்சாலே?” என்றாள் அக்கா, வசனத்துக்கு நடுவில். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

என் போன் அடித்தது. குழு ஆலங்குளத்தைத் தாண்டிவிட்டதாம்.

“அடைச்சிருவோம் மேடம்” என்றான் தளவாய். கையில் ஏற்கெனவே செங்கல் இருந்தது. “ஒரு நிமிஷ வேலை.”

நான் கூடத்தைப் பார்த்தேன். மரத்தூண்கள், மேலே தேக்கு உத்தரம், இத்தனை மாதம் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுத்த தரையின் சிவப்பு. இப்போது அடைத்தால் ஈரப் பூச்சு காட்டிக் கொடுத்துவிடும். ஒரு ஓட்டைக்காக வீடே போய்விடும்.

“அவங்க பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் அடைக்கலாம்” என்றேன்.

அக்கா அதைக் கேட்டுவிட்டாள். வசனம் நின்றது. பெருவிரலைத் தரையில் அழுத்தி நின்றுகொண்டிருந்தாள்.

“சரி, வீடு நிக்கணும்லா” என்றாள், கோபமே இல்லாமல். “அன்னைக்கும் பச்சத்தண்ணி குடிக்காமத்தான் நின்னேன். ஒரு வாய் குடிச்சிட்டு ஓடி வந்திருதேன், ஹஸீபா. இடம் காலியாக் கெடந்தா அப்பாவுக்குப் பிடிக்காது. அதுவரைக்கும் நீ கொஞ்சம் இங்கன வந்து நில்லேன்.”