விலகிக்கொள்ள ஒரு வரி

விதைக்கடைக்கு வருகிறவர்கள் வயது பாராமல் அவளை அண்ணி என்றே அழைத்தார்கள். அப்படி அழைக்க உண்மையில் உரிமை பெற்றவள் ஒருத்திதான்: அவள் கணவனின் தங்கை. கடையின் கணினியும், கணினிக்கு முன்னிருந்த நாற்காலியும், அந்த நாற்காலியிலிருந்து எழும் கிண்டலும் அந்த நாத்தனாரின் ஆட்சிக்கு உட்பட்டவை.

அன்று காலை கிண்டல் எழவில்லை.

“அண்ணி, நேத்து அனுப்பின லெட்டர் ஒண்ணுகூடப் போய்ச் சேரல. எல்லாம் திரும்பி வந்திருக்கு.”

“ஒண்ணுகூடவா?”

“ஸ்பேம் அனுப்புறவங்கன்னு நம்மளை பிளாக்லிஸ்ட்ல போட்டுட்டாங்க. இனிமே நம்ம பேர்ல எது போனாலும் தடுத்துடுவாங்க.”

தராசில் அவரை விதை நிறுத்துக்கொண்டிருந்த கணவன் தலை நிமிர்ந்தான். “இருவது வருஷமா எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. உன் லெட்டர் நீளம்னு நான் சொன்னா மட்டும் கோவம் வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. மழைக்கு மூன்று வாரம் இருந்தது. மழைக்கு முன் விதை வாங்கியவர் விதைப்பார். மழைக்குப் பின் வாங்கியவர் வருந்துவார். பின்னறையில் கூரைவரை அடுக்கியிருந்த பொட்டலங்களின் முதுகில் முளைப்புத்திறன் முடியும் தேதி அச்சாகியிருந்தது. அடுத்த மழைவரை அவை காத்திருக்கா. தெருவில் நடந்து வந்து வாங்குவோரை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடையை இத்தனை காலம் நிமிர்த்தி நிறுத்தியது ஆண்டுக்கு ஆறு முறை அவள் எழுதிய மின்னஞ்சல் கடிதம்தான்.

அந்தக் கடிதம் பிறந்த நாட்கள் அவள் நினைவில் எழுந்தன. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் முகவரி எழுத ஒரு கோடுபோட்ட நோட்டு. நூலில் கட்டிய பேனா. மின்னஞ்சல் புதிதாக வந்த காலம். தனக்கும் ஒரு முகவரி உண்டு என்று எழுதிக்காட்டுவதே ஒரு பெருமையாக இருந்த காலம். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் சுருள்சுருளாக எழுதினார். இரட்டைப் பிள்ளை பெற்ற நர்ஸ், ஒன்று மறந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு முகவரி எழுதினாள். தையல் ஆசிரியையின் எழுத்தோ அச்சுக்குச் சவால் விட்டது.

கடிதம் போனால் பதில் வந்தது. பதிலோடு பூ வந்தது, பூச்சி வந்தது, புகாரும் வந்தது. சூரியகாந்தி பக்கத்து வீட்டை எட்டிப்பார்க்கிறது, இனிச் சண்டை நிச்சயம் என்று எழுதினார் ரயில் ஓட்டுநர். இரண்டு கால் முளைத்த கேரட்டைப் படமெடுத்து, “இதற்கு ஒரு கால்சட்டை தைக்கட்டுமா அண்ணி?” என்று கேட்டாள் தையல் ஆசிரியை. அதை உரக்கப் படித்துவிட்டு மூவரும் வயிறு வலிக்கச் சிரித்த மதியம் ஒன்று இருந்தது. பிறகு, ஏனோ, பதில்கள் நின்றுபோயின. காலம் மாறிவிட்டது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நோட்டில் எழுதிய ஒருவரையும் அவள் நீக்கியதில்லை. கடிதத்தின் அடியில் ‘வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம்’ என்றிருந்த வரியையும் அவளே எடுக்கச் சொன்னாள். வந்தவர்களைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதா? அது மரியாதையா? நாத்தனார் இரண்டு முறை எச்சரித்தாள். மூன்றாம் முறை பேச்சை விட்டாள்.

இப்போது அவள் கறுப்புப் பட்டியலைப் பராமரிக்கும் அமைப்புக்கு ஒரு பக்கம் நிறையச் சீறி எழுதினாள். இருபது ஆண்டு நேர்மை அதில் இருந்தது. கலப்படமில்லாத விதையின் கம்பீரம் இருந்தது. மறுநாள் மூன்று வரியில் மறுப்பு வந்தது. நீங்கள் நல்லவரா என்பது எங்கள் கேள்வியன்று. பெறுகிறவர் விரும்புகிறாரா, நிறுத்தச் சொன்னவருக்கு நிறுத்தினீர்களா என்பதே கேள்வி. அதைச் சரிசெய்துவிட்டு எழுதுங்கள்.

“நிறுத்தச் சொல்லி யாருமே எழுதலையே,” என்றாள் அண்ணி.

நாத்தனாரின் விரல்கள் விசைப்பலகைமீது நின்றன. “ஆறு வருஷம் முன்னாடி மெயில் அனுப்புற முறையை மாத்தினோம்ல. அப்போ பதிலெல்லாம் போறதுக்குத் தனியா ஒரு பெட்டி வச்சேன்.”

“சரி.”

“அதை நான் திறக்கவே இல்ல அண்ணி. ஆர்டர் எல்லாம் வேற வழியா வந்துட்டிருந்ததா, மறந்தே போச்சு.”

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஆறு ஆண்டுகள் இருந்தன. காலம் மாறியதால் நின்ற பதில்கள் அல்ல. கதவு தட்டிக் கை ஓய்ந்த பதில்கள். பூக்கள் இருந்தன, புகார்கள் இருந்தன. இடையிடையே, களையைப்போல, ஒரே சொல்: நிறுத்துங்கள். தையல் ஆசிரியை மூன்று முறை எழுதியிருந்தாள்.

“அண்ணி, தோட்டத்து வீட்டை விட்டு நாலாம் மாடிக்கு வந்துவிட்டேன். இங்கே மண் இல்லை. உங்கள் கடிதம் வரும் நாளில் பழைய தோட்டம் கண்ணில் நிற்கிறது. அன்று முழுதும் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.”

ஓராண்டு கழித்து: “முன்பே எழுதியிருந்தேன்.”

கடைசியில், அண்ணி என்ற விளிகூட இல்லாமல்: “நிறுத்தவும்.”

அன்பென்று எண்ணி அனுப்பியது அங்கே ஆண்டுக்கு ஆறு அடியாக விழுந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இடம் தராத அன்பு எத்தகைய அன்பு? கேட்பவர் எழுந்துபோக முடியாதபடி அரங்கைப் பூட்டிவிட்டுப் பேசுகிறவன் பேச்சாளனா, காவற்காரனா? பூட்டியவள் தானே என்று அவளுக்கு விளங்கியது.

“ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிடறேன், அவங்களுக்கு மட்டும்.”

“அதுவும் நம்ம லெட்டர்தான் அண்ணி.”

அவள் நெடுநேரம் அந்த முகவரியைப் பார்த்தாள். பிறகு தானே சுட்டியைப் பிடித்து நீக்கினாள்.

இரண்டு பகல் அந்த வேலை நடந்தது. நிறுத்தச் சொன்னவர்கள் முதலில் போனார்கள். ஈராண்டாகக் கடிதத்தைத் திறக்காதவர்கள் அடுத்து. உரியவர் போனபின் மூடப்பட்ட பெட்டிகளும் இருந்தன. அவற்றில் சிலவற்றை மின்னஞ்சல் நிறுவனங்களே பொறியாக மறுபடி திறந்துவைக்கும் என்று நாத்தனார் விளக்கினாள். பட்டியலைப் பேணாதவன் அதில் கடிதம் போட்டுத்தான் அகப்படுவான். ரயில் ஓட்டுநரின் பெட்டி மூடி ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. அண்ணி ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தாள்.

“மனசுக்குள்ள படிச்சா சீக்கிரம் முடியும்,” என்றான் கணவன்.

“முடியட்டும், மெதுவா முடியட்டும்.”

அவன் தராசை ஒதுக்கிவைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தான். சில பெயர்களுக்கு அவனிடம் ஒரு கதை இருந்தது.

நாலாயிரம் பெயர் இருந்த பட்டியல் ஆயிரத்துச் சொச்சமாக இளைத்தது. இம்முறை அவள் சீறவில்லை. செய்த பிழை, செய்த திருத்தம், இரண்டையும் ஐந்து வரியில் எழுதினாள். நான்காம் நாள் தடை நீங்கியது.

மழைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஒரே மூச்சில் அனுப்பினால் மறுபடி சந்தேகம் எழும் என்பதால் நாளுக்கு இருநூறாக அனுப்பினார்கள். விலகும் வரியை அண்ணி அடியில் வைக்கவில்லை. தலைப்புக்குக் கீழேயே வைத்தாள். “இந்தக் கடிதம் வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள். காரணம் கேட்க மாட்டோம்.”

முதல் நாள் மாலைக்குள் முப்பத்தொரு ஆர்டர் வந்தது. பின்னறை அடுக்கின் மேல்வரிசை இறங்கியது.

“மூணு பேர் விலகிட்டாங்க அண்ணி. யாருன்னு பாக்கலாமா?”

அவள் கை பொட்டலத்தின்மீது ஒரு கணம் தயங்கியது.

“வேண்டாம். கேக்க மாட்டோம்னு எழுதியிருக்கோம்ல,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பொட்டலத்தில் முகவரி எழுதத் தொடங்கினாள்.