கோமளம் தோண்டிய குழி

ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெருவில் விட்டாலும் பாவம் என்று ஸ்ரீனிவாசராகவன் சொல்வார். சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஆறு வீட்டு ஃப்ளாட்டுக்கு அவர்தான் சங்கச் செயலாளர். அவர் சொல்வதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கட்டடத்துக்கு அடியில் ஒரு பேஸ்மெண்ட் உண்டு. மழைக்காலத்தில் அங்கே ஊறும் தண்ணீரை வெளியேற்ற, படிக்கட்டுக்குக் கீழே ஒரு குழி வெட்டி மோட்டாரும் வைத்துவிட்டுப் போயிருந்தான் கட்டடக்காரன். ஸ்ரீனிவாசராகவன் அந்த மோட்டாரின் ஸ்விட்சுக்கு மேல் தகரப் பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பூணூலில் முடிந்துகொண்டுவிட்டார்.

தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த குழாயை அறுத்து, மொட்டைமாடித் தொட்டிக்குத் திருப்பினார். காலையில் பூட்டைத் திறந்து, தொட்டி நிறையும் வரை மோட்டாரை ஓட்டுவார். குளியலறைக்கும் கழிவறைக்கும் அந்தத் தண்ணீர்தான். தொட்டி நிறைந்ததும் திரும்பப் பூட்டிவிடுவார். அதற்குப் பிறகு குழியில் எவ்வளவு ஊறினாலும் அது மறுநாளைக்கான இருப்பு.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தொண்ணூற்று மூன்றில் சென்னை வறண்டு கிடந்தபோது, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற அந்த மனிதர், கட்டம் போட்ட துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். அப்படி ஓடியவருக்கு, தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கை வருமா? மற்ற வீட்டுக்காரர்களுக்கும் வரவில்லை. எல்லோருக்கும் அவர் செய்தது புத்திசாலித்தனமாகவே பட்டது.

கோமளத்துக்கு மட்டும் அப்படிப் படவில்லை. காரணம், அந்த பேஸ்மெண்ட் அவளுடையது. அந்த மனையே ஒரு காலத்தில் அவளுடையதுதான். கணவர் போன பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்ட ஒப்புக்கொடுத்தபோது, இரண்டாம் மாடியில் ஒரு வீடும் இந்த பேஸ்மெண்டும் தன் பேரில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள். அங்கேதான் அவள் நாட்டிய உடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் அவள். மிஷினில் தைப்பது மீர்சாகிப்பேட்டையிலிருந்து வரும் அன்வரி பேகம். முன்னால் விரியும் விசிறி மடிப்புகளை நீவி, தேய்த்து, தையல் போட்டு நிறுத்துவது அடையாற்றங்கரையிலிருந்து வரும் பொன்மணி. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மார்கழியில் மேடை ஏறும் பெண்களில் பாதிப்பேர் இந்த மூவரின் கை பட்ட பட்டைத்தான் கட்டிக்கொண்டு ஆடினார்கள்.

தொண்ணூற்றாறில் ஜூன் மாதமே வானம் பொத்துக்கொண்டது. குழி ஏற்கெனவே ததும்பிக் கிடந்தது. பெட்டி பூட்டியிருந்தது. சாவி ஸ்ரீனிவாசராகவனின் பூணூலில் முடிந்தபடி வடபழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் பேஸ்மெண்டில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த அரக்குப் பட்டு சாயம் விட்டு, பக்கத்தில் இருந்த சந்தனக் கலர் பட்டெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துபோயிற்று. சரிகை கறுத்துவிட்டது. அந்தப் பட்டுக்குச் சொந்தக்காரி மதுவந்தி என்ற பெண், அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டு, கோமளத்தின் எதிரில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதாள். அந்த அழுகை கோமளத்தை உலுக்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சங்கக் கூட்டம். கோமளம் நியாயம் கேட்கப் போனாள். ஸ்ரீனிவாசராகவன் வருத்தம் தெரிவித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் எப்படியும் அங்கே வருகிறது. பேசாமல் பேஸ்மெண்டையே பூசி மெழுகித் தொட்டியாக்கிவிட்டால் கட்டடத்துக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர்க் கவலை விட்டது. மாமிக்குத் தையலுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிடலாம். மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். ஒருவர், தொட்டிக்கு டைல்ஸ் போடலாமா என்றே கேட்டுவிட்டார்.

கோமளம் எழுந்து நின்றாள்.

"ஐப்பசி மழை வரட்டும். என் பேஸ்மெண்ட்ல கணுக்கால் நனையற அளவுக்குத் தண்ணி ஏறித்துன்னா நானே காலி பண்ணிண்டு போறேன். தொட்டி கட்டுங்கோ, தெப்பம் விடுங்கோ, எனக்கென்ன. ஏறலேன்னா இந்தப் பேச்சை இனிமே ஒருத்தரும் எடுக்கப்படாது."

ஸ்ரீனிவாசராகவன் உடனே சம்மதித்தார். அந்த அவசரம் ஏன் என்பது படி இறங்கும்போதுதான் கோமளத்துக்கு உறைத்தது. கீழே வந்து நடந்ததைச் சொன்னாள். அன்வரி பேகம் மிஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"சாவி அவருகிட்ட, சத்தியம் உங்ககிட்ட. என்னம்மா பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

மறுநாள் கோமளம் போய்ச் சாவியைக் கேட்டாள். மோட்டார் பொது, மின்சாரம் பொது, ஒருத்தர் சொத்தைக் காப்பாற்றப் பொதுச் சாமானைப் பயன்படுத்த முடியாது என்று அவர் பதமாகவே எடுத்துச் சொன்னார். சரி என்று திரும்பி வந்தவள், வயரிங் வேலையும் குழாய் வேலையும் சேர்த்துச் செய்யும் சேட்டுவுக்கு ஆள் அனுப்பினாள்.

சேட்டு வந்து பார்த்துவிட்டு, பொதுக் குழியில் இன்னொரு மோட்டாரை இறக்கிவிடலாம் என்றான். கோமளம் மறுத்தாள். அது பொது, மறுபடி வம்பு வரும். பேஸ்மெண்டின் தரை அவளுடையது, பத்திரத்தில் இருக்கிறது. அதன் மூலையை உடைத்துத் தனக்கென்று ஒரு குழி தோண்டச் சொன்னாள்.

"இன்னா மாமி, ஆழம் எவ்ளோ?"

அதற்கு அவள் காத்திருக்கச் சொன்னாள். காலையில் செயலாளர் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போன கையோடு, காலியான பொதுக் குழிக்குள் தன் இஞ்சு டேப்பை இறக்கி அளந்தாள். பெண்களின் இடுப்பையும் தோளையும் அளந்த டேப் அது. ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து சேட்டுவிடம் சொன்னாள்.

"அவா குழிக்கு மேல ஒரு முழம் கூட."

மயிலாப்பூர் மண், கொஞ்சம் தோண்டினாலே மணல். குழி சரியாமல் இருக்கக் கிணற்றுக்கு இறக்குவது போலச் சிமெண்ட் உறை இறக்கினார்கள். தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் மோட்டார் ஒன்றை வைத்தான் சேட்டு. அதில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மோட்டார் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும். யாரும் பூட்ட முடியாது. மின்சாரம் கோமளத்தின் சொந்த மீட்டரிலிருந்து. குழாய், காற்றுக்காகச் சுவரில் விட்டிருந்த சின்ன ஜன்னல் வழியாக நேரே தெருவுக்கு. தெருவில் தேங்குவது குழாய் வழியே திரும்பி உள்ளே வராமல் ஒரு வால்வும் போட்டான். கடைசியாக, தெருவிலிருந்து இறங்கும் படியின் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தடுப்பு ஒன்றைக் கட்டச் சொன்னாள். அதைத் தாண்டுவதற்குப் புடவையைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டியிருந்தது. அவள் குதித்தாள்.

ஸ்ரீனிவாசராகவன் ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார். தெருவிலா விடப்போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். மகாபாவம் என்றார். பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

தீபாவளி கழிந்து மழை பிடித்தது. முதல் நாள் மோட்டார் தானே ஓடியது, தானே நின்றது. அது உறுமும்போதெல்லாம் பொன்மணி இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பாக்குறேன்" என்று அதனோடு பேசினாள். மறுநாள் தெரு குளமாயிற்று. மத்தியானம் அன்வரி பேகத்தின் மிஷின் ஊசி பாதித் தையலில் நின்றது. கரண்ட் போய்விட்டது.

கோமளம் அப்படியே நின்றாள். இந்த ஊரில் நாலு தூறல் விழுந்தால் கரண்ட் போகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பூட்டைப் பற்றியே யோசித்து யோசித்து, அவள் அதை யோசிக்காமல் விட்டிருந்தாள். மூலையில் குழி மெதுவாக நிறைந்து, உறையின் விளிம்பைத் தாண்டி, தரையில் நாக்கு நீட்டியது. போதாததற்கு, சாயங்காலம் இரண்டு பேரோடு வந்து பார்ப்பதாகச் செயலாளரிடமிருந்து செய்தி வந்தது.

முதலில் பட்டுகளையெல்லாம் வெட்டும் மேசைமேல் ஏற்றினார்கள். பிறகு பொன்மணி மூலையில் கிடந்த பிளாஸ்டிக் குடங்களை எடுத்தாள்.

"லாரித் தண்ணிக்கு நிக்கிற மாதிரியே வரிசையா நில்லுங்க மாமி. அன்னிக்கு ஊட்டுக்குள்ள தூக்கினோம், இன்னிக்கு வெளிய தூக்குறோம். அவ்ளோதான்."

பொன்மணி குழியில் முக்கிக் கொடுத்தாள். அன்வரி பேகம் வாங்கிப் பாதிப் படி ஏறிக் கொடுத்தாள். கோமளம் செங்கல் தடுப்புக்கு அப்பால் தெருவில் கொட்டினாள். தண்ணீர் ஏறும் வேகமும் அவர்கள் கொட்டும் வேகமும் ஏறக்குறைய சமமாக இருந்தன. கொஞ்சம் அசந்தால் தண்ணீர் ஜெயித்தது. அன்வரி பேகம் தன் மருமகளைத் திட்டிக்கொண்டே குடம் வாங்கினாள். அதனால் கை வலி தெரியவில்லை என்று சொன்னாள். கோமளத்தின் தோள் மரத்துப்போயிற்று. கையை மாற்றிக்கொண்டாள், நிறுத்தவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு வந்தார். தடுப்பில் கால் இடித்துக்கொண்டார். பின்னால் வந்த இருவரும் படியிலேயே நின்றுவிட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் தரை பளபளத்தது.

"தண்ணி வந்துடுத்தே, மாமி."

"கணுக்கால் நனையறதான்னு இறங்கிப் பாருங்கோ."

அவர் இறங்கிப் பார்த்தார். உள்ளங்கால் நனைந்தது. அதற்கு மேல் இல்லை. இந்தப் போக்கில் போனால் ராத்திரிக்குள் ஏறிவிடும் என்று அவர் சொன்னார்.

"அப்போ ராத்திரி வாங்கோ. நாங்க இங்கேதான் இருப்போம். இப்ப வழியை விடுங்கோ, குடம் வரது."

அவர் ஒதுங்கி நின்றார். அவர் மார்பின் குறுக்காகவே குடங்கள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

விளக்கு வைக்கும் வேளைக்குக் கரண்ட் வந்தது. மூலையில் மோட்டார் உறுமியது. பொன்மணி குடத்தைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கோமளம் அவர்கள் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய்ச் சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள். ராத்திரி யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தாலும் பார்க்கத் தண்ணீர் இருந்திருக்காது.

விடியும்போது மழை விட்டிருந்தது. முந்தின நாள் காலையில் நிரப்பியது தீர்ந்து மொட்டைமாடித் தொட்டி காலி. ஸ்ரீனிவாசராகவன் பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் வெறுமனே அலறியது. குனிந்து பார்த்தார். ததும்பிக் கிடந்த குழியில் சேறு மட்டும் மிச்சம். பக்கத்திலேயே ஒரு முழம் கூடுதல் ஆழமான குழியில் மோட்டார் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்க, மணலுக்கடியில் இருந்த அத்தனை தண்ணீரும் அங்கே போய், ஜன்னல் வழியாகத் தெருவில் பாய்ந்துகொண்டிருந்தது.

அவர் பேஸ்மெண்டுக்கு வந்தபோது கோமளம் மேசைமேல் மாம்பழக் கலர் பட்டை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தரை காய்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்காதவர் போலப் பார்த்தார்.

"மாமி, உங்க மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தினேள்னா எங்க குழி ஊறும். ஆறு ஆத்துலயும் பாத்ரூமுக்குத் தண்ணியில்லே."

"ஆறு ஆத்துல ஒண்ணு என்னோடது. காலம்பற தெருவுக்குப் போய்ப் பிடிச்சு, ரெண்டு வாளி தூக்கிண்டுதான் மாடி ஏறினேன். தொட்டிப் பேச்சு என்ன ஆச்சு?"

"அது முடிஞ்சுபோன பேச்சு." அவர் பூணூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "நீங்க ஜெயிச்சுட்டேள், ஒத்துக்கறேன். இப்போவாவது நிறுத்தலாமே?"

கோமளம் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"மாட்டேன். ஐப்பசிதான் ஆயிருக்கு, கார்த்திகை அப்படியே பாக்கி இருக்கு. தண்ணி தெருவுல ஓடறது, வாளியை எடுத்துண்டு போங்கோ. பிடிக்கறவாளை நான் தடுக்கலே."

அவர் போய்விட்டார். கோமளம் கோட்டின் மேல் கத்தரியை ஓட்டினாள். பட்டு சரசரவென்று பிரிந்தது. சற்றுப் பொறுத்து, ஜன்னல் பக்கம் போன பொன்மணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். செயலாளர் சிவப்பு வாளியோடு வரிசையில் மூணாவதாக நிற்கிறார் என்றாள். கோமளம் எட்டிப் பார்க்கவில்லை. விசிறிக்கு இன்னும் ஒரு நீளம் வெட்ட வேண்டியிருந்தது.