வாசலில் கழட்டிய சப்பாத்து

டிவி நாடகங்களில் செய்யாத குற்றத்துக்காக ஓடுகிறவன் ஒவ்வொரு கிழமையும் ஒரு புது ஊரில் நிற்பான். என் தம்பி கிளின்ரனுக்கு அந்தளவு மூளை இல்லை. சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த காவலர்களை ஏமாற்றிவிட்டு, நேரே குட்மேய்ஸ் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடிவந்தான்! பொலிஸ் முதலில் தட்டப்போகிற கதவு இதுதான் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"விசரா உனக்கு? கெதியா உள்ளுக்கு வா!" என்று கத்தினேன்.

"கௌரி அக்கா இண்டைக்கு வாறா எண்டு நீதானே சொன்னனீ. அவ கடைசி நேரத்தில மாறிடுவா. என்ர முகத்தைப் பாத்தா மாறமாட்டா."

எல்லாம் ஒரு பிறந்தநாள் விழாவில் தொடங்கியது. மண்டபத்துக்குப் பின்னால் ஒருவனைக் குத்திவிட்டார்கள். கிளின்ரன் ஓடிப்போய் அவனைத் தூக்கினான். உடம்பில் ஏறியிருந்த கத்தியையும் பிடுங்கினான், மடையன். கைரேகை இவனுடையது, சட்டையெல்லாம் இரத்தம். நீதிமன்றத்துக்கு அது போதுமாக இருந்தது. உண்மையில் குத்தியவனைச் சமையலறை யன்னலால் பார்த்த ஒரே ஆள் சிவகௌரி. அவன் அவளுடைய புருசனின் தம்பி, அதனால் வாயே திறக்கவில்லை. அவளை நான் திட்டாத நாளில்லை. இப்போது மனம் உறுத்துகிறதாம். என் வீட்டுக்கு வந்து, எங்கள் லோயரோடு போனில் பேசுகிறேன் என்றிருந்தாள்.

பெல் அடித்தது. கிளின்ரன் மேலறைக்குப் பாய்ந்தான். கௌரி என்று நினைத்துத் திறந்தால், நின்றது நெடிய பொலிஸ்காரன்.

"உங்கள் தம்பி இங்கே வந்தாரா?"

"இல்லை."

அவன் கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில் கிளின்ரனின் நனைந்த சப்பாத்துகள். உயிருக்கு ஓடிவந்தவன், வாசலில் கழட்டி ஒழுங்காக அடுக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறான்! அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.

"என் கணவருடையது. அவர் வேலைக்குப் போய்விட்டார்," என்றேன்.

அவன் நம்பவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தான்.

"சப்பாத்தைக் கழட்டுங்கள்!"

அவ்வளவு பயத்திலும் என் பாழாய்ப்போன வாய் இங்கிலிஷில் அப்படித்தான் கத்தியது. அவன் மன்னிப்புக் கேட்டு, குனிந்து கழட்டினான். முன்னறையில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஆறுதலாகக் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

யன்னலுக்கு வெளியே சிவகௌரி கேற்றைத் திறந்தாள். வாசலில் பொலிஸ்காரனின் பெரிய கறுத்தப் பூட்ஸைக் கண்டாள். முகம் வெளிறிப் போனது. அப்படியே திரும்பி நடந்தாள்.

ஐயோ, கடவுளே! நான் எழும்பி ஓடினால் இவன் தனியே மேலே ஏறிவிடுவான். இருந்தால் அவள் போய்விடுவாள், தம்பி கிழவனாகும்வரை சிறையில் கிடப்பான்.

படிகளில் தடதடவென்று சத்தம். மேல் யன்னலால் கிளின்ரனும் பார்த்திருக்கிறான்.

"கௌரி அக்கா! நில்லுங்கோ!"

வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினான். பொலிஸ்காரன் காலுறையோடு வழுக்கி வழுக்கிப் பின்னால் பாய்ந்து, நடைபாதையில் அவனைக் குப்புற விழுத்தி விலங்கு மாட்டினான்.

கன்னம் நிலத்தில் அழுந்தக் கிடந்தபடி கிளின்ரன் சொன்னான். "நான் தப்பி ஓட வரேல்லை அக்கா. உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

தெரு முனையில் சிவகௌரி நின்றுவிட்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி வந்தாள். பொலிஸ்காரனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவன் குத்தவில்லை," என்றாள் இங்கிலிஷில். "நான் பார்த்தேன்."

அவன் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.

"சத்தமாச் சொல்லு கௌரி!" என்று கத்தினேன்.

"இவன் இல்லை! என் புருசனின் தம்பி! என் கண்ணால் பார்த்தேன்!"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. பொலிஸ்காரன் பேச்சை நிறுத்தினான். "அவருடைய பெயர்?" என்று கேட்டான். அவள் முழுப் பெயரையும் சொன்னாள். நிலத்தில் கிடந்த என் தம்பி விம்மி விம்மி அழுதான்.

"இனி நான் வீட்டை போகேலாது அக்கா," என்றாள் கௌரி என்னிடம்.

இவ்வளவு காலமும் நான் திட்டிய அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.