டேக் போவுது

ஒரு சாவுக்கு எபினேசர் ஒன்பதாயிரம் வாங்குவான். கல்யாணம் என்றால் ஆறு, அடிதடி என்றால் ஏழு. சின்னப் படங்களுக்குப் பின்னணி இசை போடுகிறவனுக்கு ஓசூரில் அதற்கு மேல் யார் தருவார்கள்? அதிலும் பேரம் பேசி, சாவோடு ஒரு பிரசவத்தை இனாமாகக் கேட்ட தயாரிப்பாளர்கள் உண்டு.

இன்று அவன் அப்பா பாக்கியராஜ் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். சாயங்காலம் அடக்கம். உட்கார்ந்திருந்த எபினேசர் திடீரென்று எழுந்து தன் ரெக்கார்டிங் அறைக்குள் போனான்.

"அப்பா இங்க கெடக்காரு, இவன் சாவு வீட்டுலயும் ஓவர்டைம் பாக்கறான்," என்றாள் பக்கத்து வீட்டு சரோஜம்மாள், அவன் காதில் விழும்படியாகவே.

"பெங்களூர்ல மிக்ஸிங்காம், சரோஜம்மா. இன்னிக்கு விட்டா ஸ்டுடியோ கெடைக்காதாம்," என்றபடி அவன் மனைவி லிபியா பின்னாலேயே போனாள். காபி கொடுக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் கையில் டம்ளர் இல்லை.

அனுப்ப வேண்டியது நேற்று எடுத்த வயலின். படத்தில் ஒரு தாய் சாகும் இடம். அவள் கண் திறப்பது எங்கே, வயலின் நுழைவது எங்கே, மூச்சு வாங்குவது எங்கே என்று காட்சியை ஓட்டி ஓட்டிக் குறித்து, கிருஷ்ணகிரியிலிருந்து மாரிமுத்துவை வரவழைத்திருந்தான். கம்பெனி பஸ்களெல்லாம் போன பிறகுதான் டேக். கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தால் வீட்டில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசிலடிக்காது, யாரும் தும்மக்கூடக் கூடாது.

நேற்று அது எரிந்துகொண்டிருந்தபோதுதான் பாக்கியராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அந்தக் கதவுவரை வந்துவிட்டார். தட்டக் கையைத் தூக்கினார். லிபியா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ரெண்டு நிமிஷம் மாமா. டேக் போவுது."

அவர் தலையாட்டினார். மகன் தொழில் அவருக்கும் தெரியும். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வயலின் நின்றது, பல்பு அணையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எபினேசர் இன்னொரு டேக் எடுத்தான். அதில் மாரிமுத்து சறுக்கிவிட்டார். பல்பு அணைந்தபோது பெரியவரின் தலை தொங்கியிருந்தது.

'திடீர்னு சாஞ்சிட்டாரு' என்றுதான் லிபியா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. முழுசும் இல்லை. ஆனால் எறும்பு நடந்தாலும் பிடிக்கும் என்று அவன் பீற்றிக்கொண்ட மைக் அல்லவா உள்ளே இருந்தது?

எபினேசர் ஹெட்போனை மாட்டினான். திரையில் முதல் டேக்கின் பச்சைக் கோடுகள் மேடும் பள்ளமுமாக ஓடின. முடிவுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வயலினுக்கு அடியில் ஏதோ பேச்சு. பின்னால் இழுத்துக் கேட்டான். மறுபடியும் இழுத்தான். சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

ஹெட்போனைக் கழற்றினான். அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான்.

"தட்டினாரா?"

"கையத் தூக்கினாரு."

"அப்புறம்?"

"நான் புடிச்சிக்கிட்டேங்க."

கூடத்தில் ஜெபம் தொடங்கியிருந்தது.

"அழிச்சிடுங்களேன்," என்றாள்.

அவன் கோட்டின் கடைசித் துண்டை வெட்டித் தனியே வைத்தான். மற்றதை அனுப்பினான்.

சற்று நேரத்தில் டைரக்டர் ஹரீஷ்குமார் ஸ்பீக்கரில் வந்தான். "அண்ணா, துக்க வீட்ல தொந்தரவு பண்றேன், மன்னிச்சிக்கோங்க. சூப்பரா வந்திருக்கு. ஆனா சீன் ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். நீங்க ஒண்ணு அம்பத்திரண்டுதான் அனுப்பியிருக்கீங்க."

"மீதிக்கு மியூசிக் வேணாம்."

"அந்தம்மா உசுரு போறதே அங்கதானேண்ணா?"

"அதான் சொல்றேன். சும்மா விடு."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். லிபியா திரைமுன் நின்றாள். மவுசைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி பெங்களூர் போய்விட்டது. பாக்கி பதினெட்டு வீட்டில் இருந்தது.