குட்டியின் குரல்

சம்பத்தை நான் தம்பி என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வண்டலூர் காட்டை ஒட்டி அவனுக்கு நிலம் இருந்தது. விவசாயத்தைக் கைகழுவிவிட்டு மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தான். நான் தாம்பரத்தில் விலங்கியல் டீச்சர். எண்பத்தேழிலிருந்து சனிக்கிழமைதோறும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவன் நிலத்தின் வழியாகக் காட்டுக்குள் போவேன், புள்ளிமான்களின் சத்தத்தைப் பதிவு செய்ய.

"கிருபா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போதாதுன்னு மானுக்கும் டியூஷனா?" என்று என் கணவர் ஜெபசீலன் கிண்டலடிப்பார். அடிக்கட்டும். எனக்கு அவை பேசுவது புரிய ஆரம்பித்திருந்தது. கீச்சென்று ஒரு கத்தல் வந்தால் ஆபத்து, கூட்டமே தலையைத் தூக்கும். புதரில் ஒளிந்திருக்கும் குட்டி மெல்லிசாக இழுத்துக் கூப்பிட்டால் தாய் அடித்தொண்டையில் பதில் கொடுத்துக்கொண்டே வரும்.

அந்தக் குட்டியின் குரல் டேப்பில் விழ எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதிலும் கடைசியில் என் ஆஸ்துமா இருமல் சேர்ந்து பதிவாகிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காட்டிலேயே அதை ஓட்டிப் பார்த்தேன். மூன்று பெண்மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு எங்களை நோக்கி நேராக வந்தன. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சம்பத் வாயைப் பிளந்தான்.

"இன்னாக்கா இது, கூப்ட்டா வந்துகினே கீது!"

"தாய் இல்லையா தம்பி? குட்டி கூப்பிட்டா வராம இருக்குமா?" என்றேன், ஏதோ நானே பெற்றதுபோல.

ஆடி மாதம் வீட்டுக்கு வந்தான். அவன் ஊர்த் திருவிழா நாடகத்தில் மான் வருகிற சீன் ஒன்று இருக்கிறதாம். "உங்க கேசட்ட காப்பி பண்ணிக்கினு தரேங்க்கா. மைக்ல உட்டா ஊரே ஆடிப்பூடும்." என் மான் மேடையேறப்போகிறது என்று பூரித்துப்போய்க் கொடுத்தேன். காபியும் போட்டுக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அவன் வீட்டுக்குத் தட்டு அனுப்பினோம். அச்சு முறுக்கு, கல்கலா, கேக். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தட்டு ஒருபோதும் காலியாகத் திரும்பியதில்லை. அந்த முறை கறி வறுவலோடு வந்தது. ஆட்டுக்கறி என்றுதான் நினைத்தோம். மிளகு தூக்கலாக, பிரமாதம். ஜெபசீலன் விரலைச் சூப்பினார். நானும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் காட்டில் இருந்தேன். குட்டி ஒன்று கூப்பிட்டது. ஒரு பெண்மான் பதில் கொடுத்துக்கொண்டே என்னைத் தாண்டி ஓடியது. குட்டி திரும்பவும் கூப்பிட்டது. அதன் பிறகு, அந்தப் புதருக்குள்ளிருந்து நான் இருமினேன்.

என் இருமல். கத்துவதற்கு வாயைத் திறப்பதற்குள் துப்பாக்கி வெடித்தது.

புதர் மறைவில் சம்பத்தும், மனை வாங்க வந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். தரையில் என் டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ மனுஷனாடா? என் டேப்பை வெச்சு இதைப் பண்றியே!"

"கோச்சிக்காதக்கா. பார்ட்டிங்க ஆசப்பட்டாங்க. இன்னா பண்றது?"

"தம்பின்னு நம்பித்தானே கொடுத்தேன்?"

"நானும் அக்கான்னுதானே நென்ச்சேன்? தட்ட காலியாவா அனுப்சேன்? கறி சூப்பரா கீதுன்னு நீதானே சொல்லி அனுப்ச்ச?"

அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவன்தான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். தட்டிவிட்டேன். புகார் கொடுத்தேன். அவன் பத்தே நாளில் வெளியே வந்து அடுத்த மனைக்குக் கல் நட்டான்.

மழைக்குப் பிறகு ஒருமுறை டேப் ரெக்கார்டர் இல்லாமல் போனேன். ஒரு புதரில் நிஜமான குட்டி, பிறந்து சில நாள்தான் இருக்கும், தாயைக் கூப்பிட்டது. கொஞ்ச தூரத்தில் மடி கனத்த ஒரு பெண்மான் நின்றது. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், இப்போது அடித்தொண்டைப் பதில் வரும் என்று காத்திருந்தேன். அது காதை விடைத்துக்கொண்டு குட்டி இருந்த பக்கம் பார்த்தது. முன்காலால் தரையை உதைத்தது. பிறகு கீச்சென்று ஆபத்துக் குரல் கொடுத்துவிட்டு, குட்டிக்கு எதிர்த் திசையில் பாய்ந்து ஓடியது.

குட்டி மறுபடியும் கூப்பிட்டது.