வேங்கைமார்பன் தாம்பரத்தில் இறங்கினான்

சக்திகுமாருக்குக் கம்பெனி கொடுத்த வேலை ஒன்று. கம்பெனி பஸ்ஸில் அவனே எடுத்துக்கொண்ட வேலை இன்னொன்று.

கம்பெனியில் அவன் கிட்டிங் செக்‌ஷன். கார் டேஷ்போர்டுக்குப் போகிற உதிரிகளை நம்பர் பார்த்து, ஒவ்வொரு டிரேயிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறையாமல் கூடாமல் அடுக்கி லைனுக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த உதிரி எதற்கு, எங்கே போய் உட்காரும் என்றெல்லாம் கேட்கக் கூடாதென்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். நம்பர் சரியாக இருந்தால் போதும்.

பஸ்ஸில் அவன் விமர்சகன். திங்கட்கிழமை பென்னலூரில் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள், போன வாரம் படித்த நாவல்களைப் பற்றிக் கருத்துச் சொல்லி முடித்துவிடுவான். யாரும் கேட்டதில்லை. ஆனால் சொல்லாத திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கும்.

"இந்த வாரம் ஒரு க்ரைம் நாவல். மொத பக்கத்துலயே பொணம் கெடக்கு. இருநூறு பக்கமும் எல்லாவனும் பொய் சொல்லுதான். கடைசி வரைக்கும் நேர்மையா நடந்துக்கிட்டது அந்தப் பொணம் ஒண்ணுதான்."

"ராஜா கதை எதுனா படிச்சியாப்பா?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்பார் டிரைவர் கன்னியப்பன். வடக்குப்பட்டுக்காரர். குதிரை இல்லாத கதையை அவர் கையால் தொட மாட்டார்.

"படிச்சேண்ணே. இளவரசன் ஆத்தக் கடக்கதுக்கு ஏழு அத்தியாயம். ஒரு பாலம் கட்டியிருந்தா ரெண்டு வாரத்துல தொடர்கதை முடிஞ்சிருக்கும். அதுக்குப் பயந்துதான் எந்த ராஜாவும் பாலமே கட்டல."

"பூதக் கதை?" என்பான் பின் சீட்டிலிருந்து மகாராஜா. சக்தியின் ஊர்க்காரன், அறைத்தோழன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே டிரங்குப் பெட்டியோடு வந்தவர்கள்.

"அதுவும் படிச்சேன். ஆயிரம் வருசமா தூங்குத பூதத்த ஒருத்தன் தட்டி எழுப்புதான். பூதம் எந்திரிச்சு, 'என்ன வேண்டும் மகனே'ன்னு கேக்குது. ஒரே ஒரு வாரம் நைட் ஷிப்ட் பாத்தவன் அந்தப் பக்கத்த எழுதியிருக்கவே மாட்டான்."

இந்தக் கருத்துகளுக்கெல்லாம் ஒரு நிரந்தர முகவரியும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெர்சியின் கடை. பாதி எஸ்.டி.டி. பூத், பாதி வாடகை நூல் நிலையம். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் 'இந்த வார வாசகர் கருத்து' என்று தலைப்புப் போட்டு மெர்சி எழுதுவாள். பொங்கலிலிருந்து அந்த வாசகர் சக்திகுமார்தான். கீழே அவன் பெயர் இருக்கும், பெயருக்கு அடியில் ஒரு கோடு இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அவன் தினமும் வீட்டுக்குச் சுற்றுவழியில் போனான். எழுதுவது மெர்சியின் கை என்பது ஒரு காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் உதவி செய்யப் போனான்.

மெர்சி ஒரு வாரப்பத்திரிகையில் வந்த மூன்று தொடர்கதைகளைக் கிழித்து வைத்திருந்தாள். ஒன்று சரித்திரம், ஒன்று க்ரைம், ஒன்று மாயாஜாலம். மூன்றும் ஒரே இதழில் தொடங்கி ஒரே இதழில் முடிந்தவை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் கதையின் பெயரும் படமும் போட்ட ஒரு தாள் வரும். படம் அழகாக இருந்ததால் அந்தத் தாள்களை மட்டும் உருவிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டாள். அத்தியாய நம்பர் மட்டும் இருந்த மீதித் தாள்கள் எல்லாம் ஒரே கட்டாக மேஜையில் கிடந்தன.

"நான் சர்ச்சுக்குப் போய்ட்டு வந்துடறேன். வந்து மூணு புக்கா பிரிச்சு தெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று சக்திக்குத் தோன்றியது. கட்டைப் பிரித்தான். ஒன்றாம் அத்தியாயம் மூன்று இருந்தது. இரண்டாம் அத்தியாயம் மூன்று. அவன் கைக்கு இதைவிடப் பழக்கமான வேலை உலகத்தில் கிடையாது. மேஜையில் மூன்று இடம் ஒதுக்கி, ஒன்று ஒன்று ஒன்று, இரண்டு இரண்டு இரண்டு என்று போட்டுக்கொண்டே போனான். கடைசித் தாள் விழுந்தபோது மூன்று செட்டும் குறையவில்லை, கூடவில்லை. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் கை கொடுத்திருப்பார். ஊசியால் துளை போட்டுத் தைத்து, கம்பெனியிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மேலட்டையாக ஒட்டினான். முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்து, சுவரிலிருந்த பெயர்களை மேலே எழுதினான். குதிரை வந்த புத்தகம் 'வேங்கைமார்பன் சபதம்'. பிணம் வந்தது 'எட்டாவது ஜன்னல்'. பூதம் வந்தது 'பாசிமலைப் பூதம்'.

மெர்சி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள். "இன்னா ஸ்பீடு!" என்றாள். அந்த இரண்டு சொற்களோடு அவன் பென்னலூர் வரை நடந்தே போனான்.

கையில் 'வேங்கைமார்பன் சபதம்' இருந்தது. அன்றைக்கே படிக்கத் தொடங்கியவன், மூன்றாம் அத்தியாயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேங்கைமார்பன் கோட்டை மதிலில் ஏறுகிறான். அடுத்த அத்தியாயத்தில் மாம்பலம் லாட்ஜில் ஒரு பிணம். அதற்கடுத்து மலையடிவாரத்தில் பூதம் கொட்டாவி விடுகிறது. நாவல்களில் அடுத்து வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று நாலு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தவனுக்கு, இதோ ஒரு எழுத்தாளன் பதில் சொல்லியிருந்தான். புதன்கிழமை மெர்சியிடம் கருத்தைச் சொன்னான். அவள் அவனை ஒரு முறை பார்த்தாள், பிறகு சாக்பீஸை எடுத்து ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்:

'மூன்று காலங்களையும் ஒரே கயிற்றில் கட்டிய முதல் நாவல். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. அவசியம் படிக்கவும்.'

கருத்தைப் படித்த கன்னியப்பன் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார். மகாராஜா 'எட்டாவது ஜன்னல்' எடுத்தான்.

திங்கட்கிழமை காலை வல்லக்கோட்டையில் ஆள் ஏற்ற நிறுத்திய பஸ்ஸைக் கன்னியப்பன் எடுக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னாபா சக்தி. வேங்கைமார்பன் மீசைய முறுக்கிகினு குதிரை மேல ஏர்றான். பக்கத்த திருப்புறேன், 'அவன் தாம்பரத்தில் இறங்கினான்'னு கீது. எறங்கி டீ குடிக்கிறான். குதிரை எங்கப்பா?"

பஸ் முழுக்க சக்தியைப் பார்த்தது. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அதுதாண்ணே உத்தி. போன பிறவியில வேங்கைமார்பன், இந்தப் பிறவியில இன்ஸ்பெக்டர். குதிரைதான் ஜீப்பா பொறந்திருக்கு."

"அப்போ பூதம்?"

"பூதம்ங்கது கவர்மென்ட். எல்லாக் காலத்துலயும் தூங்கிக்கிட்டே இருக்கும்லா."

கன்னியப்பனுக்கு அது பிடித்துவிட்டது. தலையை ஆட்டி, கியரில் கை வைத்தார். பஸ் தப்பித்திருக்கும். பின் சீட்டில் மகாராஜா வாயைத் திறந்தான்.

"ஏல சக்தி, வேங்கைமார்பன் எம் புக்குலயும் வாறான்லா? ஆத்துக்கு நடுவுல நிக்கான். நான் க்ரைம் கதைன்னுதான எடுத்தேன்?"

"எந்த அத்தியாயம்ல?" சக்தியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒம்பது."

"எனுக்கு ஒம்பதுல பூதம் குளிக்குது" என்றார் கன்னியப்பன்.

சக்திகுமாரின் கண் முன்னால் மூன்று டிரே வந்து நின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று மாடல் காரின் உதிரிகள் கலந்து கிடந்தன. எல்லா டிரேயிலும் நம்பர் சரியாக இருந்தது. அவற்றைப் பூட்டினால் எந்தக் காரும் ஓடாது, அவ்வளவுதான்.

"தப்பு புக்கா கீதேப்பா. சாயங்காலம் மெர்சியாண்ட கேட்டுடலாம்" என்று கன்னியப்பன் வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு ஷிப்டில் சக்திகுமார் முதல் முறையாக, "சார், இந்தப் பதினேழாம் நம்பர் உதிரி எதுக்கு?" என்று கேட்டான். சூப்பர்வைசர் அவனைச் சந்தேகமாகப் பார்த்து, வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறாயா என்று கேட்டார். சக்திக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கோத்தவனும் அவன், அதைப் பாராட்டியவனும் அவன். தெரிந்தால் மெர்சி பலகையைத் துடைப்பாள். பிறகு அந்தப் பலகையில் வேறு எவன் பெயராவது வரும், அதற்கு அடியிலும் அவள் கோடு போடுவாள். அந்தக் கோட்டைத்தான் அவனால் தாங்க முடியாது.

சாயங்காலம் பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினான். பலகையில் கை வைத்துத் துடைக்கப் போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அழிக்காதீங்க. இன்னும் நாலு பேர் அத்தப் படிச்சுட்டு புக்கு கேட்டுகினு கீறாங்க."

மெர்சி 'பாசிமலைப் பூதம்' புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். பின்னாலேயே கன்னியப்பனும் மகாராஜாவும் வந்துவிட்டார்கள்.

"இன்னா மெர்சிமா, பத்திரிகைக்காரனே தப்பா போட்டுட்டானா?" என்றார் கன்னியப்பன்.

மெர்சி மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள். சக்தியைப் பார்த்தாள். பத்திரிகைக்காரன் எங்கேயோ சென்னையில் இருந்தான், வந்து மறுக்கப்போவதில்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும். சக்தி சுவரைப் பார்த்தான். வேங்கைமார்பன், பிணம், பூதம் மூவரும் வரிசையாகப் படத்திலிருந்து அவனைப் பார்த்தார்கள்.

"நாந்தாண்ணே" என்றான். "நம்பர மட்டும் பாத்து அடுக்கிட்டேன். கதையப் பாக்கல."

"அப்ப பூதம் கவர்மென்ட்டுன்னியே?"

"அதுவும் நாந்தான்."

மகாராஜா தரையில் உட்கார்ந்து சிரித்தான். மெர்சி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"நீங்க வேங்கைமார்பன தூக்கிகினு போன அன்னிக்கே மீதி ரெண்டையும் படிச்சுட்டேன்" என்றாள். "புதன்கிழமை கருத்து சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

"பொறவு ஏங்க எழுதுனீங்க?"

"கோத்ததும் நீங்க, பாராட்டுனதும் நீங்க. நடுவுல நான் யாரு? கருத்தும் நல்லாதான் இருந்துச்சு. எழுதுனவருக்கே தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது நெசம்தானே."

மூன்றையும் பிரித்துத் திரும்பத் தைத்துவிடுவதாகச் சக்தி சத்தியம் செய்தான். கன்னியப்பன் தன் கையிலிருந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இத்த இப்ப பிரிக்காத. அந்த பூதம் குளிச்சுட்டு எங்க போச்சுன்னு தெரியாம நான் தூங்க மாட்டேன். அடுத்தது யார்கிட்ட கீது?"

"எங்கிட்ட" என்றாள் மெர்சி. பூதக் கதையைத் தொடாத மனிதர் பூதத்துக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றார். நிலைமை அதுதான். ஒரு கதை முழுசாகத் தெரிய மூன்று புத்தகத்தையும் எடுத்தாக வேண்டும். கடையில் அதுவரை எந்த நாவலுக்கும் அப்படி ஒரு கிராக்கி வந்ததில்லை.

மெர்சி சாக்பீஸை அவனிடம் நீட்டினாள். "இந்த வாட்டி நீங்களே எழுதுங்க."

பழைய கருத்தை அவன் துடைக்கவில்லை. அதற்குக் கீழே இடம் பார்த்து, கோணல் எழுத்தில் எழுதினான்:

'மேலே சொன்னது மூன்று நாவல்கள். மூன்றும் நன்று. கோத்தவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.'

பெயர் போடாமல் நிறுத்தினான். மெர்சி சாக்பீஸை வாங்கினாள். 'சக்திகுமார், பென்னலூர்' என்று தன் கையால் எழுதி, அடியில் கோடு போட்டாள்.

"கன்னியப்பண்ணன் முடிச்சதும் ஒரு ஞாயித்துக்கெழம வாங்க, பிரிக்கலாம்" என்றாள். "நான் சர்ச்சுலேந்து வந்தப்புறம் ஆரம்பிக்கணும். அந்த ஸ்பீடெல்லாம் வேணாம்."

சக்திகுமார் அந்த யோசனையை முழு மனதோடு ஏற்றுக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தாளாக அவன் பிரித்த வேகத்தைப் பார்த்திருந்தால் கம்பெனியில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.